மாருதி 800: சக்கர வளைவுக் குரோம், மட்ஃபிளாப், பின்விளக்கு... துருவைப் பார்க்க எதையெல்லாம் கழற்ற வேண்டும்?

கோட்டிவாக்கத்தான் எழுதியது:

வண்டி 2006 மாடல் மாருதி 800, வெள்ளை நிறம். அப்பா வாங்கியது, இப்போது என் கையில் இருக்கிறது. வீடு கோட்டிவாக்கத்தில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். இந்தப் பக்கம் ஜன்னல் கம்பியும் கேட் கீலும் என்ன பாடுபடுகின்றன என்று தெரிந்தவர்களுக்கு வண்டியின் கதையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஓட்டை எங்கும் இல்லை. மேல்துருதான், ஆனால் ஐந்து இடங்களில் இருக்கிறது. பின்சக்கர வளைவுகளில் உதிரிக் கடையில் மாட்டிய குரோம் பட்டையின் ஓரம் நெடுகப் பழுப்புக் கோடு. நாலு மட்ஃபிளாப்களின் ஸ்க்ரூக்களைச் சுற்றிக் கொப்புளம். இடது பின்விளக்கின் கீழ்மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு திட்டு. முன்கண்ணாடி ரப்பர் பீடிங்குக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு சிறு உரிதல். பின் நம்பர் பிளேட் ஸ்க்ரூவிலிருந்து கண்ணீர் வழிந்ததுபோல ஒரு கறை.

இரண்டு டிங்கரிங் பட்டறைகளில் காட்டினேன். முதலாமவர், குரோமைச் சுற்றி டேப் ஒட்டி அடித்துவிடுகிறேன், சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டாமவர், ஒரு பக்கம் முழுக்க அடித்தால்தான் நிறம் சேரும் என்றார். எதையாவது கழற்றிப் பார்க்கலாம் என்று இருவருமே சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் நானே உட்கார்ந்து செய்யலாம் என்று நினைக்கிறேன். குரோம் ஸ்க்ரூக்களின் தலை துருவில் மூழ்கிக் கிடக்கிறது. கழற்றுவது அவசியமா? கழற்றினால் உடையுமா?

கோவைப் பட்டறை எழுதியது:

அவசியம். டேப் ஒட்டி அடிப்பது துருவுக்கு முக்காடு போடும் வேலை. ஓரத்தில் உங்களுக்குத் தெரிவது வால் மட்டும், உடம்பு குரோமுக்கு அடியில் கிடக்கிறது. தகட்டில் செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூ ஏற்றிய அன்றே அந்தத் துளையின் விளிம்பில் பெயிண்ட் போய்விட்டது. கம்பெனியில் தகட்டை முக்கியெடுக்கும் அடிப்பூச்சு முதல் மேல்பூச்சு வரை எல்லாவற்றையும் சேர்த்தாலே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, சற்று மேலே இருக்கலாம். அதைத் துளைத்துவிட்டு அதன் மேல் தண்ணீர் தேங்க ஒரு வாய்க்காலும் கட்டிக் கொடுத்ததுதான் அந்தக் குரோம். நான் பட்டறையில் பார்க்கும் சக்கர வளைவுத் துருவில் பெரும்பங்கு அழகுக்கு மாட்டியவற்றால் வந்தது.

எப்படிக் கழற்றுவது: பின்சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பி விடாமல் ஸ்டாண்டு வையுங்கள். ஸ்க்ரூவின் நுனி உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு இளக்கும் எண்ணெயை நுனியிலும் தலையிலும் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். தலையின் நட்சத்திரப் பள்ளத்தில் இருக்கும் அழுக்கைக் கோணி ஊசியால் நோண்டி எடுங்கள். அளவு சரியான திருப்புளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்கள். பிறகு அவிழ்க்கும் பக்கம் போகாமல் இறுக்கும் பக்கம் ஒரு நூல் திருப்புங்கள். துருவின் பிடி விட்டது கையில் தெரியும். அதன்பின் அவிழ்த்தால் வரும்.

வராவிட்டால் பலத்தைக் காட்ட வேண்டாம். 3 மி.மீ. டிரில் பிட்டால் தலையின் நடுவில் துளைத்து, அடுத்து 5 மி.மீ. போட்டால் தலை கழன்று விழும். பட்டை தானாக வந்துவிடும். மீதிக் குச்சியைப் பிளையரால் பிடித்துத் திருகலாம்.

சும்மா ஓட்டுகிறவன் எழுதியது:

பட்டறை அண்ணன் கோபிக்க மாட்டார் என்று நம்பி எதிர்ப்பாட்டுப் பாடுகிறேன். இத்தனை வருடம் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கைத் தொட்டால் அப்பளம். பின்விளக்கைக் கழற்றப் போனால் அதன் ஸ்டட் (நட்டு ஏறும் திருகுக் கம்பி) விளக்கோடு உடைந்து வரும். சுற்றியிருக்கும் கேஸ்கெட் பிய்யும். பழையபடி உட்காராது. மழைத் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கி, அதுவரை இல்லாத புதுத் துருவை ஸ்டெப்னி குழியில் உண்டாக்கும். நகம் அளவு துருவுக்காக விளக்கைக் கழற்றி டிக்கித் தரையை இழந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். சுரண்டி, துரு மாற்றி தடவி, பிரஷ்ஷால் டச்சப் பெயிண்ட் வைத்துவிட்டு வருடத்துக்கு ஒருமுறை கவனியுங்கள். இது 800. கண்காட்சிக்குப் போகப் போவதில்லை.

கோவைப் பட்டறை எழுதியது:

பின்விளக்கு விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். குரோமிலும் மட்ஃபிளாப்பிலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவை வண்டியோடு பிறந்தவை இல்லை, உடைந்தாலும் அழ ஒன்றுமில்லை. விளக்குக்கு உட்பக்கத்திலிருந்து நட்டைக் கழற்றுங்கள். ஸ்பானரைவிட ஆழமான சாக்கெட் நல்லது, அது ஸ்டட்டை வளைக்காது. கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருந்தால் திருப்புளியால் நெம்பாமல் ஹேர் டிரையரில் சூடு காட்டித் தூண்டில் நரம்பை ரம்பம்போல இழுத்து அறுங்கள். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடவே கூடாது. பியூட்டைல் நாடா என்று கறுப்புப் பிசின்போலச் சுருளாக விற்கிறது, அதை வைத்து அழுத்தினால் சொட்டுக்கூட இறங்காது. மாட்டிய பிறகு ஒருவரை வெளியே நின்று தண்ணீர் ஊற்றச் சொல்லி, நீங்கள் டிக்கிக்குள் டார்ச்சோடு பாருங்கள்.

கோட்டிவாக்கத்தான் எழுதியது:

வலதுபக்கக் குரோமை எடுத்துவிட்டேன். எண்ணெயில் ஊறியதும் பெரும்பாலான ஸ்க்ரூக்கள் வந்தன. அடம்பிடித்தவற்றுக்கு டிரில்.

அடியில் பார்த்ததைச் சொல்கிறேன். பட்டையின் உட்பள்ளம் முழுக்க மண் கட்டியாக இறுகியிருந்தது. மழை பெய்து வெகுநாள் ஆகிவிட்டது, வண்டியும் வெயிலில்தான் நின்றது. ஆனாலும் கட்டியை உடைத்து விரலால் நசுக்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் துரு. துளைக்கும் துளைக்கும் நடுவில் துரு இல்லை, ஆனால் பட்டை அதிர்ந்து அதிர்ந்து உரசியதில் வெள்ளை போய்ச் சாம்பல் நிறத்தில் பிரைமர் தெரிகிறது. வெளியே கோடாகத் தெரிந்த பழுப்பில் பாதி, துரு கரைந்து வழிந்து படிந்த கறைதான். பாலிஷ் போட்டதும் போய்விட்டது. அதாவது பார்வைக்கு நீளமாக இருந்தது உண்மையில் சின்னச் சின்ன வட்டங்கள். ஒரு பக்கம் முழுக்க அடிக்கச் சொன்னவரின் கணக்கு இங்கேயே விழுந்துவிட்டது.

திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் கணீரென்று தகட்டுச் சத்தம். சக்கர வளைவின் உள்மடிப்பில் ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக இருக்கிறது. காந்தம் நன்றாகவே ஒட்டுகிறது, எனவே பழைய பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வேலை இல்லை. அந்த மந்தமான இடம் என்ன?

கோவைப் பட்டறை எழுதியது:

வெளித்தகடும் உள்தகடும் ஒன்றாக மடிந்து புள்ளி வெல்டிங் ஆகும் இடம் அது. இரண்டுக்கும் நடுவில் துரு நுழைந்திருந்தால் உப்புத்தாள் அங்கே எட்டாது. திருப்புளி நுனியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போகவில்லை என்றால் தகடு உயிரோடு இருக்கிறது. வெளிப்பக்கத்தை முடித்தபிறகு, உள்ளிடுக்கில் துவாரம் வழியாகத் தெளிக்கும் மெழுகை நீளக் குழாய் வைத்து அடியுங்கள். அது ஊர்ந்து உள்ளே போகும். பெயிண்ட் வேலைக்கு முன்னால் அதைத் தொடவே கூடாது. மெழுகு பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் வட்ட வட்டக் குழியாக மீன்கண் விழும்.

இனி வட்டங்களுக்கு வருவோம். இதில் அவசரப்பட்டால் அடுத்த தீபாவளிக்கு அதே இடத்தில் கொப்புளம் வரும், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு நிறைய நல்ல தண்ணீர். கடற்கரை வண்டிக்கு இதை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு செய்ய வேண்டும். காய்ந்ததும் கிரீஸ் போக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். தேய்ப்பதற்கு முன்பே துடைக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பாலிஷும் மெழுகும் இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால் அவற்றைக் கீறல்களுக்குள் நீங்களே திணிக்கிறீர்கள்.

தூக்கிக்கொண்டிருக்கும் பெயிண்டைச் சுரண்டியால் எடுங்கள். இனி வராது என்று அது அடம்பிடிக்கும் இடம் வரை போங்கள். பிறகு 80 எண் உப்புத்தாள். துரு முடிந்த இடத்தில் நிறுத்தாமல் பளபளப்பான தகடு ஓர் அங்குலமாவது சுற்றிலும் தெரியட்டும். டிரில்லில் மாட்டும் கம்பிச் சக்கரத்தை மட்டும் நம்பாதீர்கள். அது துருவை எடுப்பதுபோலக் காட்டிப் பல இடங்களில் துருவையே மெருகேற்றி விட்டுவிடும். பார்க்க உலோகம்போல மின்னும், சாய்த்துப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளிகள்தான் வேர். அவற்றைக் கூர்முனையால் ஒவ்வொன்றாக நோண்டுங்கள்.

அடுத்தது ஓரம் இழைப்பது. 180, பிறகு 320. தகட்டிலிருந்து பிரைமர், அதிலிருந்து வெள்ளை என்று ஒவ்வொரு வளையமும் அகலமாக விரிந்து தெரிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மெல்லிய பாலிதீன் உறையை விரலில் போட்டுத் தடவிப் பாருங்கள். வெறும் விரல் ஏமாற்றும், பாலிதீன் வழியாகப் படி இருந்தால் தட்டும். தட்டும்வரை இழைப்பு முடியவில்லை.

தகடு திறந்திருக்கும்போது வாட்டர் பேப்பர் கூடாது, காய்ந்த தேய்ப்புதான். உங்கள் ஊர்க் காற்றில் ஈரத் தகடு கண்ணெதிரே மஞ்சளாகும். தேய்த்து முடித்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வையிலும் உப்புதான் இருக்கிறது. துடைத்துவிட்டு அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே எபாக்சி பிரைமர் இரண்டு கோட் அடிக்க வேண்டும். கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு வேண்டாம். டப்பாவில் அடிக்கும் சாம்பல் பிரைமரை மட்டும் அடித்துவிட்டு வண்டியை மழையில் ஓட்டுகிறார்கள், அது கடற்பஞ்சுபோலத் தண்ணீரைக் குடிக்கும்.

பட்டி தேவைப்பட்டால் எபாக்சிக்கு மேல்தான். வெறும் தகட்டில் பட்டி இழுப்பது எங்கள் தொழிலின் பழைய வியாதி. பட்டியும் ஈரம் இழுக்கும், ஈரம் அடியில் தகட்டைச் சந்திக்கும், பிறகு நீங்கள் எங்களைச் சந்திப்பீர்கள். அதன்மேல் சர்ஃபேசர் (மேற்பரப்பைச் சமன் செய்யும் பூச்சு), 400, 600 வாட்டர் பேப்பர், பிறகு நிறம்.

ஸ்க்ரூ துளைகளை வெல்டிங் வைத்து மூடுவது சுத்தமான வேலை. வெல்டிங் வைத்தால் பேட்டரி கேபிளைக் கழற்றிவிடுங்கள். உள்மடிப்பில் இருக்கும் துளைக்கு ரப்பர் அடைப்பானும் சீம் சீலரும் (தகட்டு இணைப்பை அடைக்கும் பசை) போதும். ஆனால் பட்டியால் துளையை அடைக்கக் கூடாது, பின்பக்கம் திறந்திருக்கிறது என்பதைப் பட்டி மறக்காது.

கடைசியாக, ஹார்டனர் என்னும் இறுக்கும் திரவம் சேர்த்து அடிக்கும் கலவைப் பெயிண்ட் என்றால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். மூச்சுக்குழாய்க்கு அது வைக்கும் வேலை நிரந்தரம். வாகனப் பெயிண்டுக்கான முகக்கவசம் இல்லை என்றால் அந்தப் பகுதியைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

கடுக்காய் எழுதியது:

மதுரையில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவன். மேலே 'துரு மாற்றி' என்ற சொல்லைப் பார்த்ததும் கை அரித்தது.

துருவுக்கு இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும். உப்பு தண்ணீரை மின்கடத்தும் நீராக்கி வேகத்தைக் கூட்டுகிறது. குரோமுக்கு அடியிலிருக்கும் இடுக்கு ஏன் வெளியைவிடக் கெடுகிறது என்றால், திறந்த ஓரத்தில் ஆக்சிஜன் அதிகம், உள்ளே குறைவு. இந்த வேறுபாடே ஒரு சிறு மின்கலத்தை அமைக்கிறது. ஆக்சிஜன் குறைந்த உட்புறம்தான் கரையும் முனை. அதோடு துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பலமடங்கு இடத்தை அடைக்கும். நீங்கள் பார்க்கும் கொப்புளம் அந்தப் பருமன் பெயிண்டைத் தூக்கியதால் வந்தது.

துரு மாற்றி பெரும்பாலும் இரண்டு வகை. பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக்கும். டானிக் அமிலம் கறுப்பு நிற இரும்பு டானேட்டாக்கும். நம் தாத்தாக்கள் கடுக்காயையும் அன்னபேதியையும் (இரும்பு சல்பேட்) சேர்த்து மை காய்ச்சினார்களே, அதில் நடந்ததும் இதே வினை. தடவியதும் துரு மைபோலக் கறுப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் மாற்றி மேற்பரப்பில்தான் வேலை செய்யும். பொருக்குப் பொருக்காக இருக்கும் துருவின் மேல் பூசினால் பொருக்கின் முதுகு மட்டும் கறுக்கும். பளபளப்பான தகட்டில் பூசுவதாலும் பயனில்லை, மாற்றுவதற்கு அங்கே துருவே இல்லை.

இன்னொன்று, பள்ளங்களுக்குள் ஒளிந்திருக்கும் உப்பின் குளோரைடை மாற்றி வெளியேற்றாது. தண்ணீர்தான் வெளியேற்றும். பட்டறை நண்பர் நிறையத் தண்ணீர் என்று எழுதியதன் அருமை அதில் இருக்கிறது.

கோவைப் பட்டறை எழுதியது:

ஆசிரியர் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. அமில வகையைத் தடவி மிச்சத்தைச் சுத்தமாகக் கழுவிக் காயவிடாமல் எபாக்சி அடித்தால் எபாக்சி சரியாக இறுகாது, பாளமாக உரியும். பல எபாக்சி தயாரிப்பாளர்கள் அமிலத்தின் மேல் அடிக்கவே வேண்டாம் என்கிறார்கள். நான் எட்டாத பள்ளங்களுக்கு மட்டும் ஒரு துளி வைப்பேன். தேய்க்கச் சோம்பல்பட்டு மாற்றி வாங்குபவர்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு சொல் இருக்கிறது, இங்கே எழுத முடியாது.

யாழ் மைனர் எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் மொறிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. யுத்த காலத்தில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. அப்போது ஒரு கிளிப் உடைந்தால் வேறு கிளிப் கிடையாது. ஆகவே கழற்றுவது என்றால் எங்கள் அப்பாவுக்குச் சத்திர சிகிச்சை மாதிரி. கழற்றிய ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றி, எந்தப் பக்கம், எத்தனையாவது என்று எழுதி வைப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிவிட்டது. இப்போது கைபேசியில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுகிறேன், ஆனாலும் பேப்பரில் சுற்றுவதை விடவில்லை.

தம்பி, திரும்பப் பூட்டுவதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. துரு மீண்டும் வருவதும் வராததும் அங்கேதான் இருக்கிறது. துளையின் விளிம்பில் பெயின்ற் நன்றாக ஏறியிருக்க வேண்டும். ஸ்ப்ரே அந்த விளிம்பில் நிற்காது, மெல்லிய தூரிகையால் தனியாக வையுங்கள். ஸ்க்ரூவுக்கும் தகட்டுக்கும் நடுவில் நைலோன் வாஷர் கட்டாயம். பூட்டும்போது ஸ்க்ரூவில் கிறீஸ் தடவுங்கள். துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டால் கவலையில்லை என்று கராஜ்காரர் சொல்லுவினம். ஸ்க்ரூ துருப்பிடிக்காது, உண்மை. கீறல் விழுந்த தகட்டோடும் உப்புத் தண்ணீரோடும் அது சேர்ந்தால் தகடுதான் முதலில் போகும்.

சும்மா ஓட்டுகிறவன் எழுதியது:

ஐயா, மட்ஃபிளாப்புக்குத் தகட்டில் ஸ்க்ரூவே போகாமல் செய்ய வழி இருக்கிறதா? நான் கழற்றச் சொல்லவில்லை, மற்றவர்கள் எப்படியும் கழற்றப் போகிறார்கள் என்பதால் கேட்கிறேன்.

யாழ் மைனர் எழுதியது:

இருக்கிறது. சதுரத் துளையில் அழுத்தும் பிளாஸ்டிக் நட்டு. ஸ்க்ரூ அதற்குள் இறங்கினால் அது விரிந்து பிடிக்கும், இரும்பு தகட்டைத் தொடாது. புதிய கார்களில் உள்தட்டுகளைப் பூட்டுவது இதில்தான். துளையை அளவுக்குப் பெருப்பித்து, விளிம்புக்குப் பெயின்ற் வைத்து, காய்ந்தபின் நட்டை அழுத்துங்கள்.

ஸ்காபரோ வாசி எழுதியது:

கனடாவில் குளிர்காலச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள், ஆகவே எங்களுக்குக் கடலே தேவையில்லை. இங்கே நான் கற்ற இரண்டு விஷயங்கள். கிளிப்பைக் குளிரில் கழற்றக் கூடாது, சூட்டில்தான் அது வளைந்து கொடுக்கும். உங்களுக்கு அந்தக் கவலையில்லை, நண்பகல் வெயிலில் கழற்றுங்கள். நெம்ப இரும்புத் திருப்புளி வேண்டாம், பிளாஸ்டிக் நெம்புகோல் தொகுப்பு மலிவாகவே கிடைக்கிறது.

இரண்டாவது, வேலை முடிந்த சந்தோஷத்தில் அடித்தளம் முழுக்க ரப்பர் கோட்டிங் அடித்துவிடாதீர்கள். ஈரமோ துருவோ மிச்சம் இருந்தால் அந்தக் கோட்டிங் அவற்றின் மேல் போர்வை. வெளியே கறுப்பாக, அழகாக இருக்கும், ஒருநாள் கை வைத்தால் உள்ளே தகடு இருக்காது. இங்கே பலர் வருடாவருடம் இலையுதிர்காலத்தில் சொட்டும் எண்ணெய் வகையை அடித்துக்கொள்கிறார்கள். வீட்டு வாசல் அழுக்காகும், மனைவி திட்டுவார், வண்டி மிஞ்சும்.

கோட்டிவாக்கத்தான் எழுதியது:

வளைவுகள் இரண்டும் எபாக்சி வரை வந்துவிட்டன. முன்கண்ணாடி ரப்பருக்கு என்ன செய்வது? கண்ணாடியைக் கழற்றாமல் அடியில் எப்படிப் போவது?

கோவைப் பட்டறை எழுதியது:

இங்கேதான் நண்பர் சும்மா ஓட்டுகிறவனோடு கை கோக்கிறேன். தனியாளாகக் கண்ணாடியில் கை வைக்காதீர்கள். 800இல் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கிறது. எடுக்கவும் கயிறு போட்டு மாட்டவும் பழகிய இரண்டு பேர் வேண்டும். பழைய ரப்பர் இறுகிக் கட்டையாகியிருக்கும், லேமினேட் கண்ணாடி மூலையில் ஒரு சொடக்கு கேட்டதும் கதை முடிந்தது. இதைப் படிக்கும் புதிய கார்க்காரர்களுக்கு: உங்கள் கண்ணாடி யூரித்தேன் பசையில் ஒட்டப்பட்டது, விபத்தில் கூரைக்கும் ஏர்பேக்குக்கும் அது தாங்கல். வீட்டில் அறுக்கவே கூடாது.

சிறிய உரிதலுக்கு ஒரு வழி உண்டு. ரப்பரின் மேல் உதட்டை மரக்குச்சியால் மெதுவாகத் தூக்கி, அதன் அடியில் துணி காயப்போடும் பிளாஸ்டிக் கொடியைச் செருகிக்கொண்டே போங்கள். உதடு தூக்கி நிற்கும், அடியில் தகடு தெரியும். தெரிந்த இடத்தில் துரு முடிந்துவிட்டால் அங்கேயே தேய்த்து, எபாக்சியும் நிறமும் வைத்து, நன்றாகக் காய்ந்தபின் கொடியை உருவுங்கள். துரு ரப்பருக்குள் தொடர்ந்து போகிறது என்று தெரிந்தால் நிறுத்திவிட்டு, கண்ணாடி மாட்டுபவரிடம் கொடுத்துப் புது ரப்பரோடு செய்யுங்கள். புது ரப்பர் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

நுங்கு எழுதியது:

நம்பர் பிளேட் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளில் உயர் பாதுகாப்புப் பிளேட் வருகிறது, பின்பக்கம் ஸ்னாப் லாக். அதை உடைக்காமல் கழற்ற முடியாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். துருவைப் பார்க்கிறேன் என்று உடைத்துவிட்டால் முறைப்படி மாற்று லாக் போட அலைய வேண்டும். இழை தொடங்கியவருக்குப் பழைய பிளேட் என்றால் சாதா ஸ்க்ரூதான், பிரச்சினையில்லை. அதே நிறத்தில் அடிப்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் போக வேண்டாம். நிறத்தை மாற்றினால்தான் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

கோட்டிவாக்கத்தான் எழுதியது:

பிளேட் பழையதுதான். அடியில் கறை மட்டுமே இருந்தது, ஸ்க்ரூவை மாற்றி வாஷர் போட்டாயிற்று. பின்விளக்கு உடையாமல் வந்தது, இரண்டு ஸ்டட்களில் துரு இருந்தும் ஆழமான சாக்கெட் காப்பாற்றிவிட்டது. அடியில் இருந்த துருவும் நகம் அளவுதான், வளரவில்லை. ஆக இந்த ஒரு விளக்கில் கழற்றாமல் சுரண்டியிருந்தாலும் போதுமாக இருந்திருக்கும். ஆனால் கழற்றாமல் அது எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு விடையில்லை. கண்ணாடி ரப்பரின் உதட்டைக் கொடி போட்டுத் தூக்கியதில் துரு அங்கேயே முடிந்தது, மேலே போகவில்லை.

நிறத்துக்குப் பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனேன். வெள்ளையில் இத்தனை வெள்ளை இருக்கிறது என்று கலவை போடுபவர் காட்டியபோதுதான் தெரிந்தது. இன்னொரு சிக்கல்: குரோம் இருந்த இடத்தில் வெயில் படாத பெயிண்ட் பளிச்சென்று, சுற்றிலும் மங்கலாக. குரோம் போயும் அதன் நிழல் கோடாக நிற்கிறது.

கோவைப் பட்டறை எழுதியது:

சுற்றியிருக்கும் மங்கலைக் கட்டிங் காம்பவுண்டு போட்டுத் தேயுங்கள், மேலே செத்த பெயிண்ட் போனால் நிறம் ஓரளவு நெருங்கும். புதிதாக அடித்த இடத்தை ஒரு மாதமாவது தொட வேண்டாம். மெழுகும் அதுவரை கிடையாது. மழைநாளில் நிறம் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் கூடினால் பெயிண்டில் பால் படர்ந்ததுபோல வெளுப்பு விழும்.

கோட்டிவாக்கத்தான் எழுதியது:

நல்ல வெயில் நாளாகப் பார்த்து அடித்தாயிற்று. மட்ஃபிளாப்புக்கு அந்தப் பிளாஸ்டிக் நட்டு எங்கே கிடைக்கும்? அப்புறம் ஒரு குடும்பப் பிரச்சினை. குரோம் இல்லாத வண்டியைப் பார்த்து அப்பா முகம் சுளிக்கிறார். ஸ்க்ரூ வேண்டாம் என்றால் ஒட்டும் வகைக் குரோம் வாங்கி வா என்கிறார்.

சும்மா ஓட்டுகிறவன் எழுதியது:

நட்டுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேளுங்கள். பழைய பாகம் என்றால் புதுப்பேட்டை. மாதிரிக்கு ஒன்றைக் கையில் எடுத்துப் போனால் பேரம் சுருங்கும். அப்பாவுக்கு என்னிடம் மருந்து இல்லை.

கோவைப் பட்டறை எழுதியது:

ஒட்டும் வகை துளை போடாது, அந்த மட்டுக்கும் நல்லது. ஆனால் பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் மண் சேரும் இடுக்கு அப்படியே இருக்கும். அப்பா கேட்கிறார் என்றால் வளைவின் விளிம்பைச் சுற்றி வருவதை வாங்காமல், தட்டையாக முழுப்பரப்பும் ஒட்டுவதை வாங்குங்கள். பெயிண்ட் முழுதாக இறுகியபின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். அந்த நுரை நாடா முழுப் பிடிக்கு வர 72 மணி நேரம் ஆகும், அதுவரை வண்டியைக் கழுவ வேண்டாம். அடிமுனைகள் இரண்டையும் திறந்தே விடுங்கள், சிலிக்கான் வைத்து அடைக்காதீர்கள். உள்ளே போகும் தண்ணீருக்கு வெளியே வர வழி வேண்டும்.